முன் சீட்டுக்கு வந்த வினை

என் சித்தி ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறாள். வாழ்க்கைப்பட்டிருந்த ஐந்து வருஷமும் புருஷனின் காரில் மாமியாருக்குத்தான் முன் சீட், சித்திக்குப் பின் சீட். கடைசியில் மாமியார் அவளை வீட்டைவிட்டே இறக்கிவிட்டார்.

போன மாதம் அந்தப் பழைய புருஷன் புது மனைவியோடு எங்கள் ஷோரூமுக்கு வந்தார்.

"அட, நீயா! தினம் ஆபீஸுக்கு ஓட்ட எது நல்ல வண்டி?"

சித்தி இரண்டைக் காட்டினாள். ஒன்று சற்று உயரமானது, குழியில் குலுங்காது, பின்னால் சின்ன சீட்டும் உண்டு. மற்றது தரையோடு தரையாக, இரண்டே சீட்.

"தினசரிக்கு உயரமானதுதான் வசதி. வயசானவங்க விரும்பி வாங்குவாங்க. கெத்துன்னா இந்த ரெண்டு சீட்டுதான்."

அவர் கெத்தை வாங்கினார்.

அங்கேயே கணக்கு எழுதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "சித்தி, அந்தப் பொண்ணு பாவம். மாமியார் முன்னாடி உக்காந்துட்டா, இவளுக்குப் பின் சீட்கூட இல்லையே?"

"போடி படிச்சவளே! அந்தம்மா அவ்வளவு தாழ்வா உக்காந்தா எந்திரிக்கவே முடியாது. அந்த முழங்காலுக்கு அஞ்சு வருஷம் தைலம் தேச்சவ நான்."

முதல் சர்வீஸுக்குப் புது மனைவி முன் சீட்டில் வந்து இறங்கினாள்.

"அத்தை வரலையா?" என்றாள் சித்தி, தேனாக.

"அவங்களால ஏறி இறங்க முடியல. தினம் வாசல்ல நின்னு வண்டியைத் திட்டுறாங்க."

மன்னிப்பைப் பற்றிப் பேசிக் கல்லூரியில் கோப்பை வாங்கியவள் நான். அந்தப் பேச்சை இப்போது பேசுவேனா, தெரியவில்லை. அன்று இனிப்பு வாங்க ஓடியது நான்தான்.