இடது கால் பூட்ஸ்

அவன் நன்றாக ஆடினான் என்று சொல்ல இன்றைக்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அன்றைக்கு வாய் வரவில்லை. தென்காசியில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து கால்பந்து ஆடிக்கொண்டிருந்தோம். அவன் இடது ஓரம், நான் வலது ஓரம். பந்து அவன் காலுக்குப் போனால் உட்கார்ந்திருக்கிற கூட்டம் எழுந்துவிடும். என் காலுக்கு வந்தால், “ஏலே, அந்தப் பக்கம் தள்ளுலே!” என்று கத்தும். அந்தப் பக்கம் என்றால் அவன் பக்கம். ஆறு வருஷம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓடினேன். அவன் மேல் எனக்குப் பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்துகிற வயசு எனக்குப் போய்விட்டது.

அவன் இலஞ்சிக்காரன். குத்தகைக்கு வயல் எடுத்து நெல் போடுகிற குடும்பம். பிறந்ததிலிருந்து செருப்பைக் காணாத பாதம். முன்பக்கம் அகன்று, விரல்கள் தனித்தனியாக விரிந்து கிடக்கும். அந்த விரல்களால் பந்தைத் தடவித்தான் திருப்புவான். நான் தென்காசியில் ஓர் அரிசி மில்லில் என்ஜின் பார்த்தேன். எங்களில் ஒருத்தனிடமும் பூட்ஸ் கிடையாது. கிழிந்த வேட்டியைக் கணுக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவோம். இந்தச் சீமையில் எல்லாரும் அப்படித்தான் ஆடினார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் பங்குனியில் பட்டணத்திலிருந்து அவன் பேருக்குக் கடிதம் வந்தது. லண்டனில் ஒலிம்பிக் நடக்கப் போகிறது, நம் தேசத்தின் கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்குகிறார்கள். முந்தின வருஷம் மதுரையில் நாங்கள் ஆடினதைப் பார்த்த ஒரு பெரிய மனிதர் அவனை ஞாபகம் வைத்துச் சொல்லியிருக்கிறார். சித்திரைக் கடைசியில் சென்னைக்கு வரவேண்டும். அங்கே தேறினால் கல்கத்தா, அங்கேயும் தேறினால் லண்டன். அவனால் வர முடியாமல் போனால் அணியிலிருந்து வேறொருவரை அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. கடிதத்தை வாசித்துச் சொன்ன அண்ணாச்சி, என்னைப் பார்த்து, “அது நீதாம்லே” என்று சிரித்தார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த அண்ணாச்சிதான் எங்கள் அணியை நடத்தியவர். வக்கீல் குமாஸ்தா. ஆயுளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்தவர் இல்லை. எப்போதோ திருவனந்தபுரத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷம் எங்களுக்குச் சட்டம் போட்டார்.

“லண்டன்ல நீ யாருகூட ஆடப்போற? வெள்ளைக்காரன்கூட. அவன் பூட்ஸோட மிதிச்சாம்னா ஒன் காலு என்னத்துக்குலே ஆகும்? அதனால இப்பவே பூட்ஸ் போட்டுப் பழகணும்” என்றார்.

“கடிதாசியில அப்படி எழுதலியே அண்ணாச்சி” என்றான் அவன்.

“போலே கோட்டிக்காரா. கோயிலுக்கு வான்னு கூப்பிடுதவன் குளிச்சிட்டு வான்னும் எழுதுவானா?”

அதற்குமேல் யார் வாயைத் திறப்பது! ஆகா என்று தலையை ஆட்டினோம். வெறுங்காலோடு ஆடினவனைப் பார்த்துத்தானே கூப்பிட்டிருக்கிறான் என்று பதினைந்து பேரில் ஒருத்தனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, சத்தியமாக. இந்தக் கதையில் நான் தப்புச் செய்யாத இடம் அது ஒன்றுதான்.

செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை தன் ஊருக்கே திரும்பிப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அண்ணாச்சி ஊரில் வசூலித்த பணத்தோடு போய் அவருடைய பழைய பூட்ஸை வாங்கிவந்தார். துரையின் பாதம் நீளமாக, ஒடுங்கலாக இருந்திருக்க வேண்டும். அவன் காலைத் திணித்தபோது நீளத்துக்குக் குறைவில்லை, விரல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. என் பாதம் ஒடுங்கல். அவன் பார்க்காத நேரம் நான் போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டேன்.

“தோலை நனைச்சுக் காலோட காய விட்டா, காலு வாகுக்கு வந்துரும்” என்றார் அண்ணாச்சி. அது போதாதென்று இன்னொரு யோசனையும் அவருக்கு வந்தது. லண்டனில் எந்நேரமும் மழையாம், மைதானமெல்லாம் சேறாம். எங்களுக்கோ பங்குனி வெயில், குற்றாலத்தில் பாறை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. சாரலுக்குக் காத்திருந்தால் கடிதம் சொன்ன நாள் போய்விடும். பிசான நெல் அறுத்துச் சும்மா கிடந்த அவன் வயலிலேயே மடையைத் திறந்து தண்ணீர் விட்டோம். அவன் அந்தச் சேற்றில் பூட்ஸோடு பந்தை வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஓட வேண்டும். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி, “ஓடுலே, லண்டனுக்கு ஓடு!” என்பார். இலஞ்சியில் பெண்கள் இடுப்புக் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவனுக்குக் கயிறு கட்டத் தெரியாது. மாட்டுக் கயிறு, ஏர்க் கயிறு எல்லாம் கட்டுவான், இந்தப் பூட்ஸ் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட வரவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. மில்லுக்குப் போகுமுன் விடிந்ததும் சைக்கிளை மிதித்து இலஞ்சிக்குப் போவேன். அவன் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டுவான். நான் அவன் பாதத்தை என் மடியில் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டுவேன். பார்க்கிறவர்கள், “சிநேகிதம்னா இதுல்லா சிநேகிதம்” என்றார்கள்.

முதல் வாரத்தில் குதிகாலில் கொப்புளம். இரண்டாவது வாரத்தில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அது அவனுக்குப் புதுசில்லை. வயலில் இறங்குகிற எவனுக்கும் வரும், மருதாணியை அரைத்து வைத்து இரண்டு நாள் காலைக் காயப்போட்டால் ஆறிவிடும். காயப்போட விட்டால்தானே! பகல் முழுக்க ஈரத் தோலுக்குள் கால் வெந்தது. மூன்றாவது வாரம் பூட்ஸைக் கழற்றும்போது இடது பெருவிரல் நகம் கூடவே வந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“கழட்டிப் போட்டுரட்டாலே? முடியல.”

அந்தக் கேள்வியை அவன் அண்ணாச்சியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பூட்ஸை வாய்க்காலில் வீசியிருப்பான். விரல் நிறம் மாறியிருந்ததை நான் பார்த்தேன். நாற்றமும் வந்தது. சித்திரைக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

“இத்தனை நாள் பட்ட பாட்டையெல்லாம் ஆத்தோட விடப்போறியா? நாலு நாள் பல்லைக் கடிச்சிட்டு இரு. தோலு மரத்துப்போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் தெரியாது” என்றேன்.

“அப்படியா சொல்லுத?”

“நான் பொய்யா சொல்லுதேன்?”

மறுநாள் காலையில் அவன் காலை நீட்டினான். நான் கயிற்றைக் கட்டினேன். வழக்கமாகக் கட்டுகிறதைவிட ஒரு இழுப்புக் கூட இழுத்தேன். கண்ணை மூடி, “யம்மா” என்றான். அந்த ஒரு இழுப்பை நான் தெரிந்துதான் இழுத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவன் பெண்டாட்டி மில்லுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். நெல் அரைக்க வந்தவளைப்போல ஒரு சின்ன மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்க சொன்னா அவிய கேப்பாவ. பாதமெல்லாம் வெந்து கிடக்கு. நான் மருந்து வச்சுக் கட்டுதேன், விடிஞ்சா அவுத்துப்போட்டுட்டு அந்தச் சனியனை மாட்டிக்கிட்டுப் போயிருதாவ. சோறு இறங்க மாட்டேங்கு. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

“லண்டன் போற ஆளுக்குப் பெண்டாட்டின்னா சும்மாவா? கொஞ்சம் பொறுத்துக்கணும் தாயி. ஒன் புருஷன் படம் பேப்பர்ல வரணுமா, வேண்டாமா?”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வரணும்ண்ணே” என்றாள். அவள் போனபிறகு நான் என்ஜினுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு சொட்டுச் சிந்தியிருந்தால் இங்கே எழுதியிருப்பேன். சிந்தவில்லை.

புறப்பட வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவன் வயலில் விழுந்தான். காய்ச்சல் கொதித்தது. மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பூட்ஸைக் கத்தியால் கிழிக்கப் போனார். அவன் அந்த ஜுரத்திலும் எழுந்து உட்கார்ந்து, “ஐயா, கிழிச்சிராதீங்க, ஊருப் பொருளு” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதனால் கயிற்றை அவிழ்த்து இழுத்தார்கள். அவன் போட்ட சத்தம் வாசலில் நின்ற மாட்டையே மிரட்டியது. விரலில் சீழ் எலும்புவரைக்கும் இறங்கிவிட்டது, விட்டால் காலே போகும் என்று இடது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி, “எல்லாம் அவன் தலையெழுத்து” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குடியானவன் விரலை மட்டும் எங்கேயிருந்தோ ஒரு தலையெழுத்து தேடிக்கொண்டு வருகிறது.

ரயிலுக்கு முந்தின நாள் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுக்கச் சொன்னான். அவன் பெண்டாட்டி அதைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தாள். “ஒனக்காவது ஆகட்டும்லே. நல்லா ஆடு” என்றான். வாங்கிக்கொண்டேன். வழியில் தின்ன முறுக்கும் கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன். தின்றேன்.

சென்னையில் நாற்பது பேர்போல வந்திருந்தார்கள். நான் பூட்ஸைக் கட்டிக்கொண்டு மிடுக்காக மைதானத்தில் இறங்கினேன். சுற்றிப் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் காலில்தான் பூட்ஸ் இருந்தது. மற்ற அத்தனை பேரும் வெறுங்கால், கணுக்காலில் துணிப்பட்டை. எங்கள் ஊரில் ஆடுகிற மாதிரியே.

மதுரையில் பார்த்த அந்தப் பெரிய மனிதர் கையில் காகிதத்தோடு வந்தார். “தென்காசியா? இடது ஓரத்து ஆள் எங்கே?”

“உடம்புக்குச் சுகமில்லை ஐயா.”

“அடடா” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “அவனுக்காகத்தானே எழுதினேன். வெறுங்காலில் அப்படித் திருப்புகிறவனை நான் பார்த்ததில்லை. சரி, நீ ஓடு. அந்தப் பூட்ஸ் உனக்கு வழக்கமில்லாவிட்டால் கழற்றிவிடு, இங்கே யாரும் கேட்கப் போவதில்லை.”

கழற்றிவிட்டு ஓடினேன். இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ரயிலுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கோணல் என்று சொல்லக்கூட அங்கே ஒன்றும் இல்லை, புல் அவ்வளவு சமமாக இருந்தது.

நான் திரும்பி வந்த மறுநாளே அவன் மில்லுக்கு வந்துவிட்டான். கக்கத்தில் கம்பு. நான் தோற்றதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பூட்ஸ் உதவிச்சாலே?”

அண்ணாச்சியும் பக்கத்தில் நின்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்ததாகச் சொல்லமாட்டேன். என் மேல் ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசித்தேன்.

“அது இல்லாட்டி உள்ளேயே விடமாட்டேங்கான். அம்புட்டுப் பேரும் பூட்ஸுதான்” என்றேன்.

“பாத்தியாலே! நான் சொன்னம்லா!” என்று அண்ணாச்சி தொடையில் தட்டினார். அவனும் ஆறுதலாகத் தலையாட்டினான்.

ஆடியில் சாரல் கொட்டியது. குற்றாலத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். அவன் அருவிக்குப் போகிற பாதையில் தேங்காய் எண்ணெய் விற்க உட்கார்ந்திருந்தான். அந்தக் காலை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி உழ முடியவில்லை. குத்தகையை மாசிக்குமேல் தொடர வேண்டாம் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். நான் குளித்துவிட்டு வரும்போது, “ஏலே, இங்கன வா” என்று கூப்பிட்டான். எண்ணெய்ப் பாட்டிலுக்குச் சுற்றுகிற பேப்பரில் ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். லண்டனில் ஆடின நம் அணியின் படம். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். வரிசையாக நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கால்.

அவன் எண்ணெய்ப் பிசுக்கான விரலை ஒவ்வொரு பாதத்தின்மேலும் வைத்துக்கொண்டு போனான். “இவனுக்குப் பூட்ஸ் இல்ல. இவனுக்கும் இல்ல. இவனுக்கும் இல்ல.” என்னை நிமிர்ந்து பார்த்தான். “நீ போனப்ப எல்லாரும் போட்டிருந்தானுவன்னு சொன்னியே?”

என் தலையிலிருந்து தண்ணீர் அந்தப் பேப்பரில் சொட்டியது. “ஆமா. அப்பம் போட்டிருந்தானுவ” என்றேன்.

அவன் படத்தின் மேல் விழுந்த தண்ணீரைத் துண்டால் ஒற்றி எடுத்தான். கம்பை எடுத்து என் மண்டையில் போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அப்பம் நம்மள மாதிரி அங்கனயும் எவனுக்காவது காலு புண்ணாயிருக்கும்லே. கூட இருந்தவன் பாத்துட்டுக் கழட்டச் சொல்லியிருப்பான்” என்றான்.

நான் ஆமாம் என்றேன்.