ஐஸும் ஆறு முகமும்

போதகர் ஐயா, நீங்கள் எங்களுக்குத் தப்பாகப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள், அந்தத் தப்புக்கு என் அம்மாவைத் தண்டித்தீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதற்குத் தெம்பும் இப்போது இல்லை.

அந்த ஐஸின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திருத்தணி ரயிலடிப் பக்கம் மீன் விற்பவரிடம் உடைத்து வாங்கி வந்த துண்டு, மீன் கவுச்சியும் ஈர மரத்தூளும் கலந்து அடிக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஓடு போட்ட நம் பழைய சபைக் கோயிலின் பின்பக்கம் பிள்ளைகள் நாங்கள் பாயில் உட்கார்ந்திருக்க, நீங்கள் அதைக் கிண்ணத்தில் போட்டு 'பம்பு ஸ்டவ்'வில் வைத்து, உருகித் தண்ணீராகி ஆவியாகும்வரை காத்திருந்து, "ஐஸ், தண்ணி, ஆவி, மூணும் ஒண்ணுதானே? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்படித்தான்" என்றீர்கள். பத்து வயது எனக்கு. திரித்துவம் முழுக்கப் புரிந்துவிட்டது என்று வீடு வரைக்கும் ஓடினேன்.

நைனா பரம்பரைக் கிறிஸ்தவர், பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிகளுக்கு மெக்கானிக். அம்மா அதே ஊரில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம், அதனால் திருத்தணியில் தனிக்குடித்தனம். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கோயிலுக்கு வந்தாள், ஆனால் ஞானஸ்நானம் பெறாததால், அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து நேரத்தில் நைனா மட்டும் முன்னே போய் முழங்கால் போடுவார், அம்மா கடைசி பெஞ்சில் மற்றவர்களின் பைகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளே நைனாவிடம், "நானும் உங்க பக்கத்துல முட்டி போடணும், இன்னா செய்யணும்னு போதகர் ஐயர கேளுங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நீங்கள் வினாவிடைப் புத்தகம் ஒன்று கொடுத்தீர்கள். அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. பிறந்த வீட்டுத் தெலுங்கும் படிக்க வராது, பேசத்தான் தெரியும். மத்தியானம் அவள் பாத்திரம் துலக்கும்போது நான் பக்கத்தில் நின்று வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்லுவாள். பத்துக் கட்டளை வந்துவிட்டது, கர்த்தரின் ஜெபம் வந்துவிட்டது, திரித்துவத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"மூணு பேரு, ஆனா ஒருத்தரு. அது எப்டி பாப்பா?"

நான் பெருமையாக ஐஸ் கதையைச் சொன்னேன். அவள் சாம்பல் கையோடு நிமிர்ந்தாள்.

"ஐஸ் உருகிட்டா அப்பறம் ஐஸ் எங்க கீது? தண்ணிதானே கீது. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லியே."

அவளே தொடர்ந்தாள்: "நம்ம மல மேல சாமிக்கு ஆறு மூஞ்சி. ஆறும் ஒரே நேரத்துல பாத்துகினுதானே கீது? ஆனா சாமி ஒண்ணு. அந்த மாதிரியா?"

"ஆங், அந்த மாதிரிதாம்மா" என்றேன். நான் செய்த குற்றம் இது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம். நைனா வெள்ளை வாயில் புடவை வாங்கி வந்திருந்தார். அம்மா பிறந்த வீட்டில் தாலி கட்டிக்கொண்டவள் வெள்ளைப் புடவை உடுத்த மாட்டாள். அவள் உடுத்திக்கொண்டாள். தெருவெல்லாம் காவடிக் கூட்டம், மஞ்சள் துணிக்கு நடுவே அவள் ஒருத்தி வெள்ளையாக நடந்து கோயிலுக்கு வந்தாள்.

சபை முழுக்கப் பார்த்திருக்க, நீங்கள் கேட்டீர்கள். பிதா தேவனா? ஆங். குமாரன் தேவனா? ஆங். பரிசுத்த ஆவி தேவனா? ஆங். அப்படியானால் மூன்று தேவர்களா? "இல்லீங்க, ஒருத்தருதாங்க." புத்தகத்தில் இருந்தது அதோடு முடிந்தது. அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டே, "அது எப்படிம்மா?" என்று புத்தகத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டீர்கள். அவள் தெரிந்ததைச் சந்தோஷமாகச் சொன்னாள், ஆறு முகத்தைச் சொன்னாள்.

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஏம்மா, மலைக்குப் போற படி அந்தாண்ட கீது. வழி தப்பி இங்க வந்துட்டியா?" என்றார். கோயிலே சிரித்தது. நீங்கள் புத்தகத்தை மூடி, "இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை" என்றீர்கள். தொட்டியில் ஊற்றிவைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் அதே வெள்ளைப் புடவையில், அதே காவடிக் கூட்டத்துக்குள் நடந்து வீட்டுக்குப் போனாள். நான் பத்தடி பின்னால் போனேன், அவளோடு சேர்ந்து நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகத்தான் இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அடுத்த திருவிருந்துக்கு நைனா எழவில்லை. "அவ இல்லாத பந்தியில நான் இன்னாத்துக்கு?" என்று கடைசி பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாகும்வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, சபை வரலாறு பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்தேன். ஒரே கடவுள் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு வடிவம் எடுக்கிறார் என்ற போதனையை ஆதிச் சபையே தவறு என்று தள்ளியிருக்கிறது. யோர்தான் ஆற்றில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார், மூவரும் ஒரே நேரத்தில். உங்கள் ஐஸ் அங்கே நிற்காது ஐயா. அதைப் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தவள் என் அம்மா. அவள் சொன்ன ஆறு முகமும் சரியில்லைதான், முகங்கள் ஒன்றோடொன்று பேசாது, ஒன்றையொன்று நேசிக்காது. ஆனால் உங்களைவிட ஒரு படி கிட்டே வந்திருந்தாள். எனக்குத் திரித்துவம் புரிந்துவிட்டதா என்றால், இல்லை. புரிந்தது என்று சொல்கிற யாரையும் நான் இப்போது நம்புவதில்லை.

ஓட்டுக் கோயிலை இடித்து கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். அந்தத் தொட்டியும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிதான். நீங்கள் ஓய்வு பெற்று வாரம் ஒரு வீடியோ போடுகிறீர்கள். போன மாதம் அதே ஐஸ் பாடத்தைச் சொன்னீர்கள். என் போனில் பார்த்த அம்மா, "இவரு இன்னும் ஐஸ்காரராவே கீறாரே" என்று சிரித்தாள். அவளால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை.

ஏனென்றால் அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, நெஞ்சு வலி இரண்டு முறை வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நைனாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு இடமில்லையாம். இப்போதும் பெறலாம், வழக்கமான கேள்விகளுக்குச் சபைமுன் பதில் சொன்னால் போதுமாம். அம்மாவிடம் சொன்னேன்.

"வோணாம் பாப்பா. மறுபடியும் என்ன நிக்கவெச்சி சிரிப்பாங்க. நைனாவுக்குத் தெரியும், நான் வருவேன்னு."

அவள் விட்டுவிட்டாள். நான் விட மாட்டேன். போதகர் ஐயா, உங்களுக்குக் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், எனக்கும் அப்படித்தான். உங்களைத் தூக்கிப் பிடித்திருந்த யாரிடமாவது "அது எப்படி?" என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா? கேட்காத கேள்வியை என் அம்மாவிடம் மட்டும் ஏன் கேட்டீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்யவேண்டாம், வீட்டுக்கு ஜெபம் பண்ண வரவேண்டாம். அடுத்த வார வீடியோவில், எல்லாருக்கும் கேட்கும்படி, இதற்குப் பதில் சொல்லுங்கள்.