ஐஸ் கடியும் ஒரு கூடை உப்பும்

1. தொட்டியைத் தொடாதே

ராயபுரம் கடற்கரையை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் வயர்மேனாகச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை இது: "தொட்டியைத் தொடாத, ஐஸ் கடிக்கும்." சொன்னவர் ஷெட் மேஸ்திரி கபாலி. "பழகிடும் நைனா. நாங்கல்லாம் கடி வாங்கினவங்கதான்" என்று சிரித்தார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன். ரங்கூனில் கப்பலுக்குக் கரி சுமந்தேன். கோலார் சுரங்கத்தில் விளக்குக்குக் கம்பி இழுத்தேன். பம்பாய் மில் ஒன்றில் மோட்டார் காயில் கட்டக் கற்றேன். சோறு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காதபோது ரயில் ஏறினேன். கடைசியாக இறங்கியது ராயபுரம் ஸ்டேஷனில்.

ஐஸ் செய்யும் முறை எளிது. பெரிய இரும்புத் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை அதில் இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் உறையாமல் குளிர்ந்துகொண்டே போகும், டப்பாவில் இருப்பது கட்டியாகும். உப்புத் தண்ணீரைக் கலக்க ஒரு சின்ன மோட்டார், தொட்டி விளிம்பிலேயே போல்ட் போட்டிருக்கும். எண்ணூர் உப்பளத்திலிருந்து வண்டியில் வரும் உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து வந்து கொட்டுவார்கள். வெறுங்கால், தரையெல்லாம் உப்பு ஈரம். கூடையைக் கவிழ்க்கும்போது கை தொட்டியில் படும், சுருக்கென்று இழுக்கும். அதற்குப் பெயர்தான் ஐஸ் கடி. மிகக் குளிர்ந்த இரும்பு தோலைப் பிடித்து இழுப்பது உண்மை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

2. ஐஸ் இல்லாத நாள்

ஒருமுறை குளிரூட்டும் கம்ப்ரஸர் பழுதாகி நின்றது. ரிப்பேர் முடிவதற்குள் தொட்டித் தண்ணீர் வெயிலுக்கு வெதுவெதுப்பாகிவிட்டது. புது உப்பைக் கரைப்பதற்காகக் கலக்கும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உப்புக் கூடை சுமந்து வந்த மேரி விழுந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. தொட்டியில் கை பட்டதும் கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நாங்கள் தூக்கி உட்கார வைத்தபோது விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"இன்னாம்மா, ஐஸ் கடிச்சிச்சா?" என்றார் கபாலி.

மேரியின் அக்கா ரோசம்மா உப்புக்காரப் பெண்களுக்குத் தலைவி. திரும்பி நின்று கத்தினாள்: "யோவ் கபாலி, உனக்கு மூள கீதா? தொட்டி வெதுவெதுன்னு கீது. ஐஸே இல்ல, எந்த ஐஸுய்யா கடிக்கும்?"

நான் டெஸ்ட் லாம்பை, இரண்டு வயர் முனை உள்ள பல்பை, எடுத்து வந்தேன். ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தேன். பல்பு எரிந்தது. மெயினை ஆஃப் செய்யச் சொன்னேன். அணைந்தது.

"ஐஸ் இல்லம்மா, கரண்ட்" என்றேன்.

"இத்தினி நாளா கரண்ட்டையா தொட்டுக்கினு இருந்தோம்?" என்று கேட்டுவிட்டு ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

3. ரூல் கோட்டையில கீது

அன்றே மோட்டாரைக் கழற்றி இன்சுலேஷன் புதிதாகக் கட்டினேன். ஆனால் உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? மோட்டார் உடம்பையும் தொட்டியையும் எர்த் செய்தால்தான், அதாவது கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கக் கம்பி போட்டால்தான், நிம்மதி. அப்படிச் செய்ய வேண்டுமென்று சர்க்காரின் புது ரூல் சொன்னது. வயரிங் செய்த கான்ட்ராக்டர் தேவராஜிடம் போனேன்.

"ரூலு கோட்டையில கீதுப்பா" என்றார் அவர். "ராயபுரத்துக்கு இன்னும் வர்ல. வரட்டும், பண்ணிக்கலாம்."

சர்க்கார் ஆபீஸ் இருக்கும் கோட்டை அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

அவருடைய ஆட்களில் ஒருவரிடமும் வயர்மேன் சீட்டு கிடையாது. பரீட்சை எழுதித்தான் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆகியிருந்தது, நான் வாங்கியும் வைத்திருந்தேன். அதைக் காட்டு என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு பழுது பார்த்தவர்கள் எல்லாம் கம்பி இழுத்தார்கள். பல ஜில்லாக்களுக்கும் சேர்த்து ஒரே இன்ஸ்பெக்டர், அவர் எப்போது வருவாரோ தெரியாது. தேவராஜ் என் தோளில் தட்டி, "உன் சீட்டை வூட்ல ஃப்ரேம் போட்டு மாட்டு மாமு" என்றார்.

முதலாளியும் அதே பாட்டுத்தான். "இன்ஸ்பெக்டர் சொல்லட்டும், செய்யறேன். நீ சொல்லி இதைச் செஞ்சா, நாளைக்கு மெஷினையே மாத்துன்னுவே. போய் மெயினைப் போடு."

"எர்த் இல்லாம நான் போட மாட்டேன் சார்."

"அப்போ கணக்கு முடிச்சுக்க."

எனக்கு அது புதிதல்ல. வேறு ஊருக்கு ரயில் இருந்தது. ஆனால் உப்புக்காரப் பெண்களுக்கு இந்தத் தொட்டிதான் இருந்தது. போகுமுன் ரோசம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

4. முதல் கூடை

மறுநாள் காலை உப்பு வண்டி வந்து நின்றது. பெண்கள் இறக்கவில்லை. கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா பேஜாரு பண்றீங்க?"

"உங்க ரூலு வர்ற வரிக்கும் எங்க காலும் வராது சார்" என்றாள் ரோசம்மா.

காசிமேட்டுப் படகுகள் கரை சேரும் நேரம். மீன்காரர்கள் ஐஸுக்கு ஆள் அனுப்பிக் கொண்டேயிருந்தார்கள். உப்புப் போதாமல் தொட்டி வேலை செய்யாது. கடைசியில் முதலாளி கபாலியிடம், "அந்த ஆளைக் கூப்பிடு, இன்னா வேணுமோ பண்ணித் தொலைக்கட்டும்" என்றார். நான் வாசலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி இரும்புக் குழாயை நட்டோம். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட வேண்டும். "உப்பு வேணும்" என்றேன். ரோசம்மா வண்டியிலிருந்து கூடையை நிரப்பிக் கொண்டுவந்து கொட்டினாள். "மொத கூட இதுக்குத்தான்" என்றாள்.

கம்பியை மாட்டியதும், பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே மோட்டார் உடம்பில் கரண்ட் வரும் லைன் கம்பியைத் தொட வைத்து மெயினைப் போடச் சொன்னேன். டப்பென்று சத்தம்.

"ஐயையோ, ஃபியூஸ் போச்சு!" என்று கபாலி ஓடி வந்தார்.

"போவட்டும் மேஸ்திரி. அது போனா ஆளு போவலன்னு அர்த்தம்."

அப்புறம் தினமும் வேலை தொடங்குமுன் ரோசம்மா அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்று நான் சொல்லியிருந்தேன். யாராவது கேலி செய்தால், "கடிக்கிற நாய்க்குத் தண்ணி காட்டுறேன், உனக்கின்னா?" என்பாள். மேரி ஆண் குழந்தை பெற்று, மறுபடியும் கூடை எடுக்க வந்தாள்.

சில வருஷம் கழித்துத்தான் ரூல் நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். முதன்முறையாக என் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். குழியைப் பார்த்ததும், "இது அப்பவே போட்டதா? யார் ஆர்டர்?" என்று கேட்டார்.

கபாலி முந்திக்கொண்டார்: "உப்புக்காரங்க ஆர்டர் சார்."

இப்போது வயரிங்குக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் இரும்பு கடிக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தக் கடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை நம்பாதீர்கள். டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு போங்கள். ரூல் வந்துவிட்டதா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.