மீன்காரம்மா என்று சொன்னால் ஜாமீன் கிடையாது

அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் சிறையில்தான் இருக்கிறான். அவனை வெளியே எடுக்க இன்று அம்மாவும் நானும் போய் வந்த பயணம் இது. இதே வழியில் போக வேண்டியவர்களுக்காக, அம்மா தூங்கிய பிறகு அவள் போனில் எழுதுகிறேன். ஸ்டேஷனில் யாராவது படித்துவிட்டால் அண்ணனுக்கு இன்னும் கஷ்டம் வருமோ என்று பயம். அதனால் பெயர்கள் போடவில்லை.

தி.நகரில் பைக் உரசியதில் வந்த சண்டை. பிடிபட்டது இரண்டு பேர், அண்ணனும் அவனோடு பாலிடெக்னிக் படிக்கும் கோபாலபுரத்துப் பையனும். ஒரே வழக்கு, ஒரே நாளில் ஜாமீன். சொந்த வீட்டு வரி ரசீது உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அந்தப் பையனின் மாமாவிடம் ரசீது இருந்தது. மறுநாளே அவன் வீட்டில் சாப்பிட்டான். எங்கள் குப்பத்தில் யாருக்கும் பட்டாவே இல்லை. ரசீதுக்கு எங்கே போவது?

பள்ளிக் கணினியில் தேடிப் பார்த்தேன். எந்த மாநிலத்தில் சிறைவாசிகள் அதிகம், எங்கே விசாரணைக் கைதிகள் அதிகம் என்றெல்லாம் பட்டியல் கிடைக்கிறது. ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்ற கணக்கு மட்டும் என் கண்ணில் படவில்லை. கோபாலபுரத்துக்கும் எங்கள் குப்பத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

காலை எட்டே காலுக்கு மயிலாப்பூரில் பஸ் ஏறினோம். பெண்களுக்கு இலவசம். அடையாறில் ஒரு ரிட்டயர்ட் டீச்சர் இருக்கிறார். பதினைந்து வருடமாக அம்மாவிடம்தான் மீன் வாங்குகிறார். அவர்தான் தன் வீட்டு வரி ரசீதோடு ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டவர். அங்கிருந்து நீதிமன்றத்துக்கு ஆட்டோ 160 ரூபாய், டீச்சரே கொடுத்தார்.

மதியம்தான் கூப்பிட்டார்கள். நீதிபதி டீச்சரிடம் கேட்டார்.

"பையனை எப்படித் தெரியும்?"

"அவங்க அம்மாகிட்ட மீன் வாங்கறேன் சார். நல்ல குடும்பம்."

"அம்மா பேர் என்ன?"

டீச்சர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "மீன்காரம்மான்னுதான் சார் கூப்பிடுவேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாடகைக்கு ஜாமீன் நிற்பவர்கள் பெருகிவிட்டார்களாம். பெயர்கூடத் தெரியாதவரை ஏற்க முடியாது, திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் ஒருவர் ஒட்டிக்கொண்டே வந்தார். "இன்னா பாப்பா, ஆள் வேணுமா? நம்மாளு பேரு, அப்பன் பேரு, தாத்தன் பேரு எல்லாம் ஒப்பிப்பான்."

அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் ஆளுக்கு எல்லாம் மனப்பாடம். உண்மையாகவே தெரிந்தவர் தோற்றுப்போகிறார்.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் தலைகுனிந்து நின்றார். "வுடு டீச்சர்ம்மா," என்றாள் அம்மா. "எனக்கும் உன் பேரு இன்னிக்கித்தான் தெரியும்."

டீச்சர் பேனாவை எடுத்தார். அம்மா பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் கேட்டு எழுதினார். "கதவு நம்பர்?"

"பழசா, புதுசா?" என்றாள் அம்மா. "ரேஷன் கார்டுல ஒண்ணு கீது, ஆதார்ல ஒண்ணு கீது. போலீஸ்காரங்க எத்த எழுதினாங்களோ."

பேனா நின்றுவிட்டது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஜாமீன் நிற்பவருக்கு உங்கள் பெயர் தெரியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வழக்கில் எந்தக் கதவு எண் இருக்கிறது என்று முன்பே ஸ்டேஷனில் விசாரித்துவிடுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாளைக் காலை நான்தான் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்க வேண்டும்.