முனிசாமி கடை சோடா

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம், பஸ் ஸ்டாப்பை ஒட்டி முனிசாமி பெட்டிக்கடை வைத்திருந்தார். அந்த ரோட்டில் வண்டி மோதாத வாரம் கிடையாது. நம் ஜனங்களின் பழக்கம்தான் தெரியுமே! ஒருத்தன் கீழே விழுந்தால் போதும், கூடி நிற்கிற கூட்டம் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி வண்டியை அல்ல, சோடாவை. யாரும் கேட்பதற்கு முன்பே முனிசாமி கோலியை அழுத்திச் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடுவார். கொஞ்சம் முகத்தில் அடிப்பார், மிச்சத்தை வாயில் ஊற்றுவார். ஒரு பைசா வாங்க மாட்டார். எழுந்து உட்கார்ந்தவன் கையெடுத்துக் கும்பிடுவான். எழாதவனைப் பார்த்து, பாவம், அவன் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுக் கலைவார்கள். சோடாவை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம், பட்டப்பகலில், கடைக்கு எதிரிலேயே ஒரு லாரி பைக்கை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. வழக்கம்போலச் சோடாவோடு ஓடின மனுஷன் கிட்டே போன பிறகுதான் முகத்தைப் பார்த்தார். அவருடைய மகன் தமிழ்வாணன். மறைமலை நகர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பின்மண்டையில் ரத்தம். கண் மூடியிருந்தது, மூச்சு குறட்டை மாதிரி வந்துகொண்டிருந்தது. பெற்றவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். மகன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, வாயைப் பிரித்து, பாட்டிலைக் கவிழ்த்தார். பையன் ஒரு தரம் இருமினான். முழித்துக்கொண்டான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்த இருமலை நம்பித்தான் அவர், வழியில் போன ஒரு வேனை நிறுத்தி, மகனோடு ஏறினார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் நெஞ்சைச் சோதித்துவிட்டு, வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். அவன் அம்மா சம்பூர்ணம் அழுகைக்கு நடுவிலும் பெருமையாகவே சொன்னாள், அவன் அப்பாதான் சோடா கொடுத்தார் என்று.  டாக்டரம்மா முனிசாமியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"தலையில பட்ட அடிக்குப் பொழைக்க வழி இருந்துச்சு. சோடா நுரையீரலுக்குள்ள போயிருக்கு. மயக்கத்துல இருக்கறவங்களால முழுங்க முடியாதுங்க. ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது."

"அப்போ இன்னாம்மா செஞ்சிருக்கணும்?"

அவள் கோபப்படாமல் சொன்னாள். தலையும் கழுத்தும் ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மொத்தமாக ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். வாயில் இருக்கிற ரத்தமும் எச்சிலும் தானே வெளியே வழிந்துவிடும். ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு, உடனே வண்டி பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் என்றாள். இவ்வளவுதானா என்று முனிசாமி இரண்டு தரம் கேட்டார்.

தமிழ்வாணன் அந்த வாரம் தாண்டவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சம்பூர்ணம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "போறப்போ அப்பன் கையால ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போனான் எம்புள்ள."

அவளுக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாமல் இருந்தாலோ, அவள் வாயால் அதை அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கேட்டார், அந்த மனுஷன். கடையில் சோடா விற்பதை நிறுத்தினார். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கேட்டு யாராவது வந்தால் எரிந்து விழுந்தார். பிள்ளை போனதிலிருந்து ஆளே பேஜாராகிவிட்டார் என்று ஊர் பேசியது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஓர் ஆனி மாதக் காலையில் ஸ்கூட்டரில் போன பெண் சறுக்கி விழுந்து நினைவிழந்து கிடந்தாள். கடையில் இருந்த சம்பூர்ணம் சொம்புத் தண்ணீரோடு ஓடிக் குனிந்தாள். பின்னாலேயே வந்த முனிசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாத, சம்பூர்ணம்."

"இன்னாயா இது? நம்ம புள்ளைக்கு நீ ஊத்தல?"

அவர் ரோட்டில் மண்டியிட்டார். பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரை விட்டு உடம்பை ஒருக்களிக்கச் செய்தார். அவள் எடுத்த வாந்தி ரோட்டில் வழிந்தது. மூச்சு சீரானது. ஆம்புலன்ஸில் வந்தவர், நல்ல வேளை தண்ணீர் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் நெஞ்சுக்குள் போய் ஆளே போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார்.

சம்பூர்ணம் சொம்போடு நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  கேட்க என்ன மிச்சம் இருந்தது?

அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சோறு போடுவாள், போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆடியில் மகனுடைய திதி வந்தது. திருவிடந்தையிலிருந்து சம்பூர்ணத்தின் தங்கை பார்வதம் வந்திருந்தாள். மகன் படத்தைப் பார்த்ததும், ரோட்டில் நாதியில்லாமல் கிடந்தானே பிள்ளை என்று அழ ஆரம்பித்தாள். முனிசாமி படையலுக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினாள்.

"நாதி இல்லாம இன்னா? அப்பன் மடியிலதான் கெடந்தான். அப்பன் கையால ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போனான்."

எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். முனிசாமி இலையைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.