பதினோராவது கையெழுத்து

குறை பிடிப்பதுதான் என் தொழில். அரசாங்கச் சம்பளத்தில், விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆசனத்தில் அமர்ந்து, அவர்கள் செய்வது சரியா பிழையா என்று குறித்துக்கொள்கிற பரிசோதகர். என்னைக் கண்டால் விமானிகளின் முகம் மாமியாரைக் கண்ட மருமகளின் முகம் போலாகிவிடும். அதில் எனக்கொரு அற்பப் பெருமை இருந்தது. படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ட்ரோன்கள் வந்தபிறகு அவையும் எங்கள் தலையில் விழுந்தன. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், வட்டக்கச்சியில் வயல்களுக்கு ட்ரோனால் மருந்தடிக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. முதல் பறப்பைப் பக்கத்தில் நின்று பார்த்து ஒப்பமிட ஒருவர் போகவேண்டும். உன்னுடைய ஊர்தானே என்று சொல்லி, மேலதிகாரி கோப்பை என் மேசையில் வைத்தார்.

ஊர் என்னுடையதுதான். ஆனால் பதினான்கு வயதில் கொழும்புக்குப் படிக்கப் போனவன் நான். பிறகு விமானம் ஓட்டப் பழக வெளிநாடு போனேன். சண்டையின் கடைசி வருடங்களில் நான் அங்கே இல்லை. அக்கா இருந்தார். ஆளில்லாமல் மேலே சுற்றிப் படமெடுக்கும் விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் வண்டு. அது இரைந்துகொண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும். அப்படியொரு காலையில் அக்காவின் ஆறு வயது மகள் செருப்பை எடுக்கப் பங்கருக்கு வெளியே ஓடினாள். அக்கா கையை நீட்டினார். எட்டவில்லை. இதை ஒரேயொரு தடவை போனில் சொன்னார். பிறகு சொன்னதேயில்லை. அத்தானும் அதற்கு முன்பே இறந்துவிட்டபடியால், அக்கா இன்றைக்கும் அந்த வீட்டு வளவில் தனியாகத்தான் இருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அன்று வயல் வரம்பில் படிவத்தோடு நின்றேன்.

காற்றின் வேகம் பார்த்தேன். மின்கம்பி எவ்வளவு தூரம், ஆட்கள் எவ்வளவு தூரம், பற்றரியில் வெடிப்பு இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். அயல்வீடுகளுக்கு அறிவித்தார்களா என்று கேட்டதும் ட்ரோன் ஓட்டுபவர் ஒரு தாளை நீட்டினார். பதினொரு வீடுகள். பத்துக்குக் கையெழுத்து இருந்தது. பதினோராவதற்கு நேரே, ‘ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தது. அது அக்காவின் வீடு.

போன் சட்டைப் பையில் கிடந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அக்கா வரம்புக்கே வந்துவிடுவார், எல்லாருக்கும் முன்னால் ‘தம்பி, மெலிஞ்சு போனாய்’ என்பார் என்று வெட்கப்பட்டேன். அதிகாரியாக வந்த இடத்தில் தம்பியாக நிற்க மனம் வரவில்லை. வேலை முடிந்தபிறகு கேக் பெட்டியோடு போய்த் திகைக்க வைக்கலாம் என்றும் ஒரு நினைப்பு. வீடு பறப்பு எல்லைக்கு வெளியேதான் இருந்தது. பரவாயில்லை, விடுங்கோ என்றேன். ஆயிரம் விமானத்தில் குறை பிடித்தவன் சொன்ன வார்த்தை அது.

ட்ரோன் இரைந்துகொண்டு எழும்பியது. வரம்பில் நின்ற கமக்காரர் அத்தனை பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினான்கு நிமிடம் பறந்தது. அசம்பாவிதம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

கேக் பெட்டியோடு படலையைத் திறந்தபோது, அக்கா விறாந்தையில் கதிரையில் இருந்தார். சேலை முழுக்கச் சேறு. பக்கத்து வீட்டுப் பெண் அவருடைய வலது கையை ஒரு துண்டால் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் ஏழு வயது மகள் நனைந்த பள்ளிச் சட்டையோடு நின்றாள்.

“அன்ரி என்னை வாய்க்காலுக்க ஒளிச்சு வச்சவா,” என்று அவள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு அது விளையாட்டு.

நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னார். அக்கா கடையிலிருந்து அந்தப் பிள்ளையோடு வந்துகொண்டிருந்தாராம். சத்தம் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்திருக்கிறார். மதகுக் கட்டில் அடிபட்டுக் கை முறிந்தது. முறிந்த கையோடு, தண்ணீருக்குள் பிள்ளைக்கு மேலே குனிந்தபடி, சத்தம் ஓயும்வரை இருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். என் படிவத்தில் இருந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தபோது அக்கா கேட்டார்.

“ஆர் தம்பி அதை விட்டது?”

“கொம்பனிக்காரர். விடச் சொன்னது நான்தான், அக்கா.”

அக்கா கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிட்டத்தானே நிண்டனீ,” என்றார். “ஒரு போன் அடிச்சிருக்கலாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அரசாங்க அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அழுதேன்.

அன்று மாலையே ‘இல்லை’ என்பதை வெட்டினேன். ஒரு வீட்டுக்கு அறிவிக்காமல் பறக்க விட்டது பரிசோதகரின் தவறு என்று எழுதினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. அந்தப் போகத்துக்குப் பறப்பு நிறுத்தப்பட்டது.

நான் ஏதோ நீதி செய்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் அந்த மாரியில் வயலில் தத்திப் பூச்சி விழுந்தது. கையால் மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. இளசுகள் எல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும். ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் பயிர் நெருப்புப் பட்டதுபோல் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டது. அக்காவை யாரும் ஏசவில்லை. கோயிலில் அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த காலபோகத்துக்கு அதே நிறுவனம் மறுபடியும் விண்ணப்பித்தது. இந்தமுறை பதினொரு கையெழுத்தும் இருந்தன. ‘ஆட்சேபணை இல்லை’ என்ற வரிக்குக் கீழே கடைசியாக அக்காவினுடையது, எலும்பு சரியாகப் பொருந்தாத கையால் போட்ட கோணல் எழுத்து. அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை ஒன்றும் இல்லை. எந்தக் காற்றுக்கு மேல் பறக்கக்கூடாது என்ற அளவை மட்டும் இன்னும் இறுக்கி எழுதிவிட்டு அனுமதி கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் பலாலி விமான நிலையத்துக்கு ஒரு பரிசோதனைக்காகக் காரில் போனேன். புளியங்குளம் சந்தியில் தேநீர் குடிக்க இறங்கினேன். பஸ் தரிப்பிடத்தில் அக்கா இருந்தார். மடியில் ஒரு பை. என்னைக் கண்டதும் களவு பிடிபட்டவர் மாதிரி எழும்பினார்.

“இங்க என்ன செய்யிறியள், அக்கா?”

“இண்டைக்கு மருந்தடிப்பு. பத்து மணிக்கெண்டு சொன்னவை. முதல் பஸ்ஸில வந்திட்டன்.”

“அதுக்கு இவ்வளவு தூரமோ? கிளிநொச்சி ரவுணில நிண்டிருக்கலாமே.”

“அங்க நிண்டாலும் கேக்கிற மாதிரிக் கிடக்கு. இங்க கேக்கேல்லை.”

“பிறகேன் கையெழுத்து வச்சனீங்கள்? ஏலாது எண்டு எழுதியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பன்.”

“போன முறை என்னாலதானே அவையின்ர பயிர் போனது,” என்றார். “அதுகளும் சாப்பிட வேணும்.”

பக்கத்தில் இருந்தேன். பை சற்றுத் திறந்திருந்தது. காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, ஒரு மாற்றுச் சேலை, மகளின் பிறப்புச் சான்றிதழ். இடம்பெயர்ந்து ஓடும்போது எடுப்பவை. மருந்தடிக்கும் ஒரு காலைக்காக அக்கா அவ்வளவையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“மத்தியானமாப் போச்சு,” என்றார். “முடிஞ்சிதோ எண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லன், தம்பி. முடிஞ்சா அடுத்த பஸ்ஸில போவன்.”

இந்தமுறை போனை எடுத்தேன். ட்ரோன் ஓட்டுபவர் என் குரலைக் கேட்டதும் உற்சாகமாகச் சொன்னார்.

“இண்டைக்கு விடேல்லை, சேர். காத்து நீங்கள் எழுதின அளவுக்கு மேல. உங்கட சொல்லைத் தட்டேல்லை. நாளைக்குக் காலமை அடிப்பம்.”

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

“ஓம், ஓம்,” என்று தலையாட்டினார். பிறகு பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

“அப்ப நாளைக்கும் வரவேணும்.”