வதனிக்கு வீடும் குடுக்கிறாங்களாம்

நேர்ஸ் வேலையில கை கழுவுறது முதல் பாடம், பக்கத்தில நிக்கிறவளின்ர சம்பளத்தைக் கேளாமல் இருக்கிறது இரண்டாம் பாடம். முதல் பாடத்தை நான் பதினேழு வருசமாய்ப் பிசகாமல் செய்துகொண்டு வாறன்.

ஒரே இடத்தில ஒரே வேலையைச் செய்து, பக்கத்து ஆளை விடக் குறையச் சம்பளம் வாங்கிற எல்லாருக்கும் இதை எழுதிறன். நீங்கள் நேர்ஸாய் இருக்கவேணும் எண்டில்லை. வயிறு எரிஞ்ச ஆக்களாய் இருந்தால் காணும்.

விசயம் இதுதான். ஆஸ்பத்திரியில வேலைக்கு ஆள் காணாட்டில், ஏஜென்சிக்காரர் வேற ஊரில இருந்து மூண்டு மாசம், ஆறு மாசம் எண்டு நேர்ஸ்மாரை அனுப்புவினம். என்னைப்போல நிரந்தர ஆக்களுக்குக் கிடைக்கிறதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அவைக்கு. தூர இடத்தில இருந்து வாறவை எண்டபடியால், ரொறன்ரோ வாடகைக்குப் பயந்து ஓடாமல் இருக்க, தங்க வீடும் குடுப்பினம். சரி, குடுக்கட்டும். ஆருக்கோ குடுத்தால் எனக்கென்ன? வதனிக்கெல்லோ குடுத்தவங்கள்.

சூட்கேசோட வந்தவள்

நானும் வதனியும் ஒரே நாளில இந்த வாட்டில சேர்ந்தனாங்கள். பதினைஞ்சு வருசம் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டனாங்கள். இரண்டு வருசத்துக்கு முதல் அவளின்ர மனுசனுக்கு வின்னிபெக்கில வேலை கிடைச்சு, இஞ்சத்தை வேலையை விட்டிட்டுப் போனாள். கேக் வெட்டி, அழுது அனுப்பிவிட்டம். எல்லாரையும் விட நான்தான் கூட அழுதனான். அந்தக் கண்ணீரை இப்ப நினைச்சால் விசர் பிடிக்குது.

போன தை மாசம் ஒரு விடியக்காலமை எங்கட மனேஜர் மார்வா, "ஏஜென்சியில இருந்து ஒரு நேர்ஸ் வாறா, ஜெசிந்தா, நீங்கள் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தையும் காட்டுங்கோ" எண்டா. கதவு திறந்துது. பாத்தால் வதனி! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கின மருந்து அலுமாரியை அவளுக்கே திறந்து, இது இஞ்ச இருக்கு, அது அங்க இருக்கு எண்டு காட்டினன். அதே வாட், அதே நோயாளியள், குனிஞ்சு நிமிர்ந்து வாற அதே நாரி நோ. சம்பளம் மட்டும் இரட்டிப்பு. அவள் என்னைக் கட்டிப்பிடிச்சாள். பிறகு சப்பாத்தில இருந்து தலை மட்டும் ஒருக்கால் பாத்திட்டுச் சொன்னாள்:

"எடி ஜெசிந்தா, நீ இன்னும் இஞ்சயே நிக்கிறாய்?"

பதினெட்டாம் மாடி

அவளுக்குக் குடுத்த கொண்டோ வீடு ஆஸ்பத்திரியில இருந்து எட்டு நிமிச நடை. நான் எங்கயிருந்து வாறன் எண்டு கேளுங்கோ. அஜக்ஸ். ரொறன்ரோவுக்கு வெளியில வீடு மலிவு எண்டு அங்க வாங்கினனாங்கள். ஏழு மணி ஷிஃப்ற்றுக்கு நாலரைக்கு எழும்பி, காரை ஸ்ரேசனில விட்டு, ரெயினில டவுன்ரவுனுக்கு வந்து, பிறகு ஸ்ட்ரீட்கார். பனி கொட்டினால் அதுவும் நடுவழியில நிண்டிடும்.

ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வா எண்டு கூட்டிக்கொண்டு போனாள். பதினெட்டாம் மாடி. சோபா, கட்டில், கரண்டி, முள்ளுக்கரண்டி எல்லாம் அவங்களே வாங்கி வைச்சிருக்கிறாங்கள். குளிக்கிற அறையில வெள்ளைத் துவாயை உருட்டி வைச்சிருக்கு, உருட்டி! என்ர வீட்டில துவாய் கதவில தொங்கும், இல்லாட்டில் நிலத்தில கிடக்கும். ஒரு யன்னலால ஏரி தெரிஞ்சுது. மற்ற யன்னலால தூரத்தில சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடங்கள். கனடாவுக்கு வந்த புதிசில அங்க ஒரு சின்ன அப்பாட்மென்ற்றில நாங்கள் ஆறு பேர் பாய் விரிச்சுப் படுத்தனாங்கள்.

கீழ எட்டிப் பாத்தன். ரெயில் பாதை. என்ர ரெயின் போற பாதைதான். விடிய ஆறு மணிக்குக் கண்ணாடியில தலையைச் சாய்ச்சு நித்திரை தூங்கிக்கொண்டு நான் அதாலதான் போறனான். வதனி தேத்தண்ணியைத் தந்திட்டுப் பெருமூச்சு விட்டாள்:

"எல்லாம் நல்லம்தானடி. விடிய ஆறு மணிக்கு ரெயின் ஒண்டு போகுது, அந்தச் சத்தத்தில என்ர நித்திரைதான் குழம்பிப்போகுது."

நோகாத ஊசி

வாட்டில எங்கட தமிழ் அங்கிள் ஒருத்தர் படுத்திருந்தார், பார்க்டேலில கனகாலம் கடை வைச்சிருந்தவர். அவருக்குப் பிறஷர் பாக்கேக்க என்ர வாய் சும்மா இருக்கேல்லை. அந்தா போறாளே அவளுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு, அவளுக்கு வீடும் இருக்கு எண்டு எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தன். அங்கிள் பாவம், தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனம் கொஞ்சம் ஆறிச்சுது.

அடுத்தநாள் அவருக்கு ஊசி போட நான் போனன். கையை உள்ளுக்கு இழுத்திட்டார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை, அந்த ஏஜென்சிப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ. அவ்வளவு சம்பளம் குடுக்கிறாங்கள் எண்டால் அது நோகாமல் போடும்."

பாவசங்கீர்த்தனம்

தவக்காலம் வந்துது. பொறாமையும் பாவம்தானே, சொல்லிப்போட்டு வருவம் எண்டு பாவசங்கீர்த்தனத்துக்குச் சேர்ச்சுக்குப் போனன். எங்கட சுவாமி வயசானவர், பொறுமையாய்க் கேப்பார். கூட வேலை செய்யிற ஒருத்தியைக் கண்டால் நெஞ்சு பத்துது சுவாமி எண்டன். ஏன் மகள் எண்டார். இரட்டிப்புச் சம்பளம் எண்டன். மற்றவைக்குக் கிடைச்சதைப் பாத்து மனம் நோகக் கூடாது எண்டார். கொண்டோவும் குடுத்திருக்கு சுவாமி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில, ஏரி தெரியுது எண்டன்.

சுவாமி கம்பிவலைக்குக் கிட்டச் சரிஞ்சார். மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருக்க, மெதுவாய்க் கேட்டார்:

"வாடகை முழுக்க அவங்களோ கட்டுறாங்கள்?"

ஃபிரிட்ஜில ஒட்டின கடிதம்

இவ்வளவு நாளும் அது வெறும் வயிற்றெரிச்சல்தான். பங்குனியில பாங்கில இருந்து கடிதம் வந்துது. எங்கட வீட்டுக் கடன் மோட்கேஜின்ர தவணை முடியுது, புதுசாய் எழுதவேணும், வட்டி பழைய வட்டி இல்லை. என்ர மனுசன் அன்ரன் டெலிவரி வான் ஓடுறவர். கடிதத்தை ஃபிரிட்ஜில ஒட்டிப்போட்டு, பால் எடுக்கப் போற நேரமெல்லாம் அதை வாசிச்சார். புதுக் கட்டுக்காசைக் கட்ட ஏலாட்டில் வீட்டை வித்துப்போட்டுத் திரும்ப வாடகைக்குப் போகவேணும்.

நான் ஏஜென்சிக்குப் போறன் எண்டன். வீடு வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு அந்த வாடகைக் காசைக் கையில தருவினம், அது மோட்கேஜுக்குக் காணும் எண்டு விளங்கப்படுத்தினன். என்ர பென்சன் என்னாகும், பிள்ளையளின்ர பல் வைத்தியத்துக்கு ஆர் கட்டுறது எண்டு அவர் கேட்டார். நானோ, வதனி புதுசாய் வாங்கின குளிர் கோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனன். அன்ரன் பால் பெட்டியை மேசையில வைச்சார்.

"அதெல்லாம் சரி. இப்ப உண்மையைச் சொல்லும். உமக்கு இது மோட்கேஜ் பிரச்சினையோ, வதனி பிரச்சினையோ?"

கோர்ன்வால் விலாசம்

வதனி பிரச்சினைதான். ஆனால் அதை ஆர் மனுசனுக்குச் சொல்லுறது?

ஏஜென்சிக்குப் போன் அடிச்சன். போனை எடுத்த பெட்டை நல்ல இனிமையாய்க் கதைச்சாள். ஒரேயொரு சிக்கல், வீட்டுக் காசு தூர இடத்து ஆக்களுக்கு மட்டும்தானாம். அஜக்ஸ் தூரமில்லையாம்! தினமும் வந்துபோய்ப் பாக்கச் சொல்லுங்கோ, தூரமோ இல்லையோ தெரியும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, எங்கட ஆக்கள் சிலபேற்ற கார் ஸ்காபரோவில நிக்கும், இன்சூரன்ஸ் மலிவு எண்டு பேப்பரில அது வேற ஊரில நிக்கும். கார் நிக்கலாம் எண்டால் நான் நிக்கக் கூடாதோ? என்ர தம்பி கோர்ன்வாலில இருக்கிறான், மொன்றியலுக்குப் போற பாதையில, நாலு மணித்தியாலத்துக்கு மேல கார் ஓடவேணும். அவன்ர விலாசத்தை நிரந்தர விலாசம் எண்டு குடுத்திட்டன். ஆரும் கேட்டால் அக்கா இஞ்சதான் இருக்கிறா எண்டு சொல்லடா எண்டு அவனுக்குப் போன் பண்ணினன். அவன் அலுத்துப்போய்ச் சொன்னான்:

"அக்கா, இந்த வீட்டில ஏற்கெனவே மச்சான்ர காரும் மாமான்ர வானும் இருக்கு. இப்ப நேர்ஸும் ஒண்டோ?"

அதிர்ஷ்டம்

ஒரு வெள்ளிக்கிழமை வதனி கியூபாவுக்குப் போயிட்டு வந்தனான் எண்டு வந்து நிண்டாள். இரண்டு கொன்றாக்ற்றுக்கு இடையில ஒரு கிழமை சும்மா இருந்தவளாம், அடுத்த மூண்டு மாசத்துக்கும் கையெழுத்து வைச்சிட்டாளாம். எனக்கு நத்தார் பண்டிகைக்கு லீவு கிடைச்சு நாலு வருசம். அவள் தந்த சங்கு மாலையைக் கழுத்தில போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில வேலையை விடுறன் எண்டு நாலு வரி எழுதி, மார்வாவின்ர கதவுக்குக் கீழால தள்ளிவிட்டன். அண்டைக்குப் பின்னேரம் ரெயினில போகேக்க அந்தப் பதினெட்டாம் மாடியை முதல் தரம் நிமிர்ந்து பாத்தன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வர ஏஜென்சிப் பெட்டை போன் எடுத்தாள். எனக்கு இடம் கிடைச்சிட்டுதாம். எங்க எண்டன். என்ர ஊரிலயேயாம், கோர்ன்வாலில! சொந்த ஊர் ஆள் எண்டபடியால் வீட்டுக் காசு இல்லை, சம்பளமும் அங்கத்தை அளவில கொஞ்சம் குறைவு. நான் அஜக்ஸில என்ர குசினியில நிண்டுகொண்டு, நான் அங்க இல்லை எண்டு சொல்லவும் ஏலாமல், இருக்கிறன் எண்டு சொல்லவும் ஏலாமல் முழிச்சன். அவளுக்கு ஒரே சந்தோசம்.

"உங்களுக்குச் சரியான அதிர்ஷ்டம், உங்கட வீட்டு வாசலில இருந்து நடந்தே வேலைக்குப் போகலாம்!"

அந்த விசரி

திங்கட்கிழமை முதல் ரெயினில ஏறினன். வழிமுழுக்கச் செபமாலைதான். கடிதம் மேலிடத்துக்குப் போயிருந்தால் பதினேழு வருசமும் போச்சு, வீடும் போச்சு.

மார்வாவின்ர அறைக்கு வெளியில கதிரையில வதனி இருந்தாள். கண் சிவந்திருந்துது. ஏஜென்சி ஆக்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவாம், கையெழுத்து வைச்ச கொன்றாக்ற்றை வெட்டிப்போட்டாங்களாம். இன்னும் இரண்டு கிழமைதான் வேலை. கொண்டோவைச் சனிக்கிழமையே விடவேணும். எனக்கு முதல் வந்தது சந்தோசம்தான். அதை மறைச்சால் சுவாமிக்குச் சொன்னதெல்லாம் பொய். அதுக்குப் பிறகு அவள் சொன்னாள், வின்னிபெக்கில மனுசனுக்கு மூண்டு மாசமாய் வேலையில்லையாம். கியூபாவுக்குப் போகேல்லையாம். பிள்ளையைப் பாக்க வீட்டுக்குப் போய், அந்த மாலையை அங்க ஒரு கடையில வாங்கினதாம்.

"நிரந்தர வேலை ஒண்டு தாங்கோ எண்டு மார்வாவைக் கெஞ்சினன். ஒரு இடம் காலியாகும் போல இருக்கு, பத்து மணிக்குச் சொல்லுறன் எண்டவா. எடி, இந்த நேரத்தில நிரந்தர வேலையை விடுற அந்த விசரி ஆரடி?"

பத்து மணிக்கு முதல்

நான் கதவைத் தட்டி உள்ளுக்குப் போனன். என்ர கடிதம் மார்வாவின்ர மேசையில கிடந்துது. வாயைத் திறக்கிறதுக்கு முதலே எனக்கு அழுகை வந்திட்டுது. கண்ணாடிக் கதவுக்கு அங்கால வதனியின்ர முதுகு தெரிஞ்சுது. அந்தக் கடிதத்தை நான் எடுத்தால் அவளுக்கு வேலை இல்லை. எடுக்காட்டில் எனக்கு வீடு இல்லை. பெரிய மனசுக்காரி எண்டு நீங்கள் என்னை நினைக்கவேண்டாம், ஒரு நிமிசமும் யோசிக்காமல் கையை நீட்டினன். மார்வா கடிதத்தை மடிச்சுத் தந்தா.

"வெள்ளிக்கிழமை எழுதிற கடிதங்களை நான் திங்கள் பத்து மணிக்கு முதல் மேல அனுப்புறேல்லை, ஜெசிந்தா."

ஆறு மணி ரெயின்

வதனிக்கு இடம் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். மிச்ச ஒரு கிழமைக்கு ஹோட்டலில தங்கினால் உழைச்சது அதுக்கே சரி. எங்கட பேஸ்மென்ற்றில வந்து இரு எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தன். துவாயை உருட்டி வைச்சன். அன்ரன் அதைப் பாத்திட்டுத் தன்ர துவாயையும் கதவில இருந்து எடுத்து உருட்டினார். அவர் பாங்கோட கதைச்சுக் கடனை இன்னும் கனவருசத்துக்கு நீட்டி எழுதுவிச்சவர். வீடு தப்பிச்சுது, நான் கிழவியாகும் மட்டும் ரெயின் ஏறவேணும்.

கடைசி நாள் விடிய இரண்டு பேரும் ஒண்டாய்ப் போனம். வதனி என்ர தோளில சாய்ஞ்சு நல்ல நித்திரை. ரெயின் சத்தம் அவளை ஒண்டும் செய்யேல்லை. என்ர கைப்பையில அந்தக் கடிதம் இன்னும் கிடந்துது, மடியில அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அந்த விசரி ஆரெண்டு அவளுக்கு நான் சொல்லேல்லை. இனியும் சொல்லமாட்டன்.

கொண்டோவுக்குக் கிட்ட வர அவள் எழும்பி, கண்ணாடியைத் துடைச்சு மேல பாத்தாள். பதினெட்டாம் மாடியில லைற் எரிஞ்சுது. அந்தக் குரலை நான் எங்க கேட்டாலும் மட்டுக்கட்டுவன், நாலு மாசமாய் என்ர வாயால வந்த குரல் அது:

"ஆரடி இப்ப அங்க இருக்கினம்? குடுத்து வைச்சதுகள், இப்பத்தான் எழும்புதுகள் போல."

இந்த ரொறன்ரோவில வாடகையும் இல்லாமல், ஏஜென்சியும் இல்லாமல், நினைச்ச நேரம் ஒருத்தியின்ர நெஞ்சைக் காலி பண்ணிப்போட்டு அடுத்தவளின்ர நெஞ்சில குடியேற ஏலுமான ஒரே ஆள் பொறாமைதான்.